இரத்த எண்ணிக்கைத் தாளை எங்கள் கையில் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கும், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட நிர்வாகிகளுக்கும், தோட்டக் கிளினிக்குகளில் பணியாற்றும் மருத்துவ உதவியாளர்களுக்கும், எங்கள் சிறுநகரங்களின் கடைவீதிகளில் கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

பெயர்ப்பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதப்பட்டிருந்தாலும் எங்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்சுந்தையாகவே இருக்கும் ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் தோட்டக் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் எண்களை நாள்தோறும் எழுதி, கூட்டி, முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. அந்தப் பழக்கத்தினால்தான், சென்ற ஆண்டு என் தம்பியின் காய்ச்சலின்போது எங்களுக்கு எது கிடைக்காமல் போனது என்பது எனக்கு விளங்கியது.

செம்பனைத் தோட்டத்தில் ஒரு நாள் குலை எடையை மட்டும் பார்த்து அந்த நிலத்தின் நிலைமையை எந்தக் கிராணியும் சொல்லிவிட மாட்டார். இன்று 8 டன் என்றால், போன சுற்றில் எத்தனை, அதற்கு முந்திய சுற்றில் எத்தனை என்று பக்கத்தைப் புரட்டுவார். எட்டு என்ற எண் தனியாக நின்றால் அதற்குப் பொருளில்லை. பன்னிரண்டிலிருந்து இறங்கி வந்த எட்டா, ஐந்திலிருந்து ஏறி வந்த எட்டா என்பதில்தான் பொருள் இருக்கிறது. விடாத காய்ச்சலில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அப்படித்தான் என்பதை மருத்துவர்களாகிய நீங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான்: மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாத ஒருவருக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தால், அந்த எண்கள் அச்சிட்ட தாளை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள், எண்ணிக்கை இறங்கியிருந்தால் மறுநாளும் பார்க்க வழிசெய்யுங்கள்.

என் தம்பி குலை வெட்டுபவன். வயது 43. சென்ற ஆண்டு நவம்பரில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பனடோல் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போனான். டன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் ஒரு நாள் படுத்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஒரு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, எழுதினார்கள். வியாழக்கிழமை, ஐந்தாம் நாள், அதே கிளினிக்குக்கு மறுபடியும் போனான். இம்முறை இரத்தம் எடுத்தார்கள். டிங்கி சோதனையில் ஒன்றும் இல்லை, இரத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பயப்பட வேண்டாம், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், காய்ச்சல் விடாவிட்டால் மூன்று நாள் கழித்து வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த அணு குறைந்திருந்தது, எவ்வளவு குறைந்திருந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவன் கையில் மருந்துப் பையும் எம்.சி. தாளும் மட்டுமே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். என் காரில் ஏற்றி அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வி, முன்பு இரத்தம் எடுத்தீர்களா, அந்த ரிப்போர்ட் எங்கே என்பதுதான். எங்களிடம் இல்லை. கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் எவரும் எடுக்கவில்லை. தம்பி மனைவியின் அண்ணனை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். இரும்புக் கதவு இறக்கிப் பூட்டியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார்.

மருத்துவமனைத் தாளில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் என்ற தட்டணுக்களுக்கு நேராக 71 என்று இருந்தது. அதாவது ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 71,000. நலமாக இருக்கும் ஒருவருக்கு அது 150,000 முதல் 400,000 வரை இருக்கும். வெள்ளை அணுக்கள் 3.4, அதாவது 3,400, நான்காயிரத்திற்குக் கீழே. இந்த 71 நேற்று 75ஆக இருந்து மெல்ல இறங்கியதா, அல்லது இரண்டு நாளில் பாதியாகச் சரிந்ததா என்பதே அந்த மருத்துவருக்குத் தேவைப்பட்ட செய்தி. திங்கட்கிழமை காலை கிளினிக் திறந்த பிறகு தொலைபேசியில் சொன்னார்கள்: வியாழக்கிழமை 128. ஏற்கெனவே இயல்புக்குக் கீழே இறங்கிவிட்ட எண். அந்த எண் வியாழக்கிழமை மாலை எங்கள் கைக்கு வந்திருந்தால், நான் வெள்ளிக்கிழமையே அவனை மறுபடியும் இரத்தம் எடுக்க அழைத்துப்போயிருப்பேன். 31 ஆண்டுகள் எண் எழுதியவனுக்கு அந்த அளவு எச்சரிக்கை போதும்.

நடந்ததன் மீதியையும் சொல்கிறேன், ஏனென்றால் என் இரண்டாவது வேண்டுகோள் அதிலிருந்துதான் வருகிறது. முதலில் டிங்கி என்றே கவனித்தார்கள். எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று ஒரு மருந்தும் நரம்பு வழியே ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. திங்கட்கிழமை தட்டணுக்கள் 58; இருமலும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டன; ஆக்சிஜன் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை இரவு, காய்ச்சலைத் தணிக்க ஈரத் துணியால் உடம்பு துடைத்துக்கொண்டிருந்த தாதி, அவனுடைய இடது தொடை இடுக்கில், உள்ளாடையின் விளிம்பு பதியும் இடத்தில், ஒரு பொருக்கைக் கண்டார். ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. நடுவில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்துக் காய்ந்து, சுற்றிலும் சிவந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். அரிக்கிறதா? அதுவும் இல்லை. "முள்ளு குத்துன காயம்ணு நெனச்சேன் மிசி" என்று சொன்னான். அந்தத் தாதி உடனே மருத்துவரை அழைத்து வந்து காட்டினார்.

அது முள் குத்திய காயம் அன்று; கண்ணுக்கு எளிதில் தென்படாத ஓர் உண்ணிப் பூச்சியின் இளம்புழு கடித்த இடம். எலிகளின் உடம்பிலும் எலிகள் திரியும் புதர்களிலும் வாழும் அந்தப் பூச்சியிலிருந்து ஒரியன்ஷியா என்ற நுண்ணுயிர் மனித உடம்புக்குள் போகிறது. கடித்து ஏறத்தாழ பத்து நாளுக்குப் பிறகு காய்ச்சல் வருகிறது. தமிழில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மருத்துவர்கள் ஸ்கிரப் டைஃபஸ் என்பார்கள். அன்றிரவே டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். வியாழக்கிழமை பிற்பகலில் அவன் உடம்பு வேர்த்தது; காய்ச்சல் விட்டது. தட்டணுக்கள் 66, பிறகு 97, பிறகு 152 என்று ஏறின. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினான். அந்தத் தாதியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

மருத்துவமனையில் அவனைக் கவனித்தவர்கள் மீது எனக்குக் குறையில்லை. டிங்கி என்று முதலில் நினைத்ததில் தவறும் இல்லை. 2019ஆம் ஆண்டு மட்டும் மலேசியாவில் 130,101 டிங்கிச் சம்பவங்களும் 182 மரணங்களும் பதிவாயின. 2015இல் மரணங்கள் 336. தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் குறைந்த காய்ச்சல் என்றால் சிலாங்கூரில் எந்த மருத்துவரும் முதலில் டிங்கியைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். என் வருத்தமெல்லாம், டிங்கிச் சோதனை இல்லை என்று வந்தவுடன் குறைந்துகொண்டிருந்த எண்ணும் கவனத்திலிருந்து போய்விட்டதே என்பதுதான். என்.எஸ்.1 என்ற அந்தச் சோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும். ஐந்தாம் நாளில் எடுத்து இல்லை என்று வந்தால், டிங்கி இல்லை என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. சோதனை இல்லை என்று சொல்லி, எண்ணிக்கை குறைவு என்றும் சொன்னால், அந்த இரண்டும் சேர்ந்து நோயாளியின் காதில் ஆறுதலாக விழக்கூடாது. இன்னும் காரணம் தெரியவில்லை, நாளையும் பார்க்க வேண்டும் என்று விழ வேண்டும்.

டிங்கியிலும் இந்த எண்களைத் தொடர்ந்து பார்க்காததால் நேர்ந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி காய்ச்சலாகக் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். மாமியார் கோயிலில் நேர்ந்துகொண்ட தேங்காயை உடைக்கப் போனார். பகலில் அவளுக்கு வயிறு வலித்தது, இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தாள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பசி வயிறு என்று கஞ்சி கொடுத்தார்கள். மாலையில் கை கால்கள் சில்லிட்டன. அந்தப் பெண்ணை நாங்கள் இழந்தோம்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்கள்தாம் மிகவும் ஆபத்தானவை என்பதை அன்று எங்களில் எவரும் அறியவில்லை. அந்த நேரத்தில் இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய்விடுகிறது. அடுப்பில் வைத்த ரசம் சுண்டுவதுபோல் மிச்ச இரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்ணும் அதே தாளில்தான் இருக்கிறது. ஹெமட்டோக்ரிட் என்ற அந்த எண் மலேசியப் பெண்களுக்குப் பொதுவாக 40 அளவிலும், அறுபது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 46 அளவிலும் இருக்கும் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. முதலில் வெள்ளை அணுக்கள் குறையும். அடுத்துத் தட்டணுக்கள் விழும். தட்டணு விரைவாக விழும்போதே ஹெமட்டோக்ரிட் ஏறினால் அது கசிவின் அடையாளம். நாற்பது இருந்த பெண்ணுக்கு நாற்பத்தெட்டு ஆகிவிட்டால், முகத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறாள் என்று சொல்லக்கூடாது.

எங்கள் மக்கள் பிளேட்லெட் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அது இருபதாயிரமாக இறங்கியும் கசிவு இல்லாமல் தானே தேறியவர்கள் உண்டு; எண்பதாயிரத்தில் இருக்கும்போதே இரத்த ஓட்டம் குன்றி மயங்கியவர்களும் உண்டு. இரத்தப்போக்கு இல்லாத நோயாளிக்கு எண்ணை உயர்த்துவதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதில் பயனில்லை என்று மருத்துவர்கள் சொல்லும்போது, ஏழைகள் என்பதால் ஏற்ற மறுக்கிறார்கள் என்று சிலர் சண்டைக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று எண்களையும் காட்டி, எது எதற்காக என்று ஒருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லாத இடத்தில், மக்கள் கேள்விப்பட்ட ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

இனி என் இரண்டாவது வேண்டுகோள். காய்ச்சலோடு வரும் தோட்டத் தொழிலாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். வெட்கப்படுவார்கள், பெண்கள் இன்னும் கூச்சப்படுவார்கள். அதற்குத் தகுந்தாற்போல் ஒரு திரையும் ஒரு பெண் தாதியும் வேண்டும். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் இருக்கிறவர்களுக்கு அதைவிட எளிய சோதனை கிடையாது; அதற்கு ஊசியும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம்.

இந்த நோய் எங்கள் மண்ணுக்குப் புதிதன்று என்பது எனக்குப் பிறகு தெரியவந்தபோது வருத்தம் இரட்டிப்பானது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே, 1920களில், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வில்லியம் ஃபிளெச்சரும் அவருடன் பணியாற்றியவர்களும், மலாயாவில் டைஃபஸ் காய்ச்சல் இரண்டு வகையாக இருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஒன்று நகரத்துக் கடைகளில் எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது. மற்றது புதர்ப் பகுதிகளில், அதிலும் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வருவது. உதிர்ந்த பழம் எலிகளை இழுக்கிறது. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல் அவற்றுக்கு வீடாகிறது. எலி இருக்கும் இடத்தில் பூச்சியும் இருக்கிறது. 1948இல் ஜோசப் ஸ்மாடெல், தியோடர் உட்வர்ட் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் கோலாலம்பூருக்கு வந்து, குளோராம்ஃபெனிக்கால் என்ற புதிய மருந்தை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து வெற்றி கண்டார்கள். அதே சோதனையின்போதுதான், டைஃபஸ் என்று எண்ணி அம்மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு என்று தெரியவந்து, டைஃபாய்டுக்கும் அது மருந்தாவது உலகுக்குத் தெரிந்தது.

உலக மருத்துவம் இந்த மண்ணின் காய்ச்சலிலிருந்து கற்றுக்கொண்டது. அந்தப் படுக்கைகளில் கிடந்தவர்களில் எங்கள் பாட்டன்மாரைப் போன்ற தொழிலாளிகளும் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். அப்படிப்பட்ட ஒரு நோய், அதைப் பற்றி 1920களிலேயே எழுதி வைக்கப்பட்ட நிலத்திலேயே, ஒரு குலை வெட்டுபவனின் தொடையில் ஒன்பது நாள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது.

உண்ணிக் காய்ச்சல் ஒன்றை மட்டும் தேடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாக்கடை, வாய்க்கால் வேலை செய்தவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். 2010 முதல் அதுவும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். டைஃபாய்டிலும் வெள்ளை அணுக்கள் குறையலாம். காட்டோரத்தில் வேலை செய்து திரும்பியவருக்குக் குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா இருக்கலாம். அதிலும் தட்டணுக்கள் குறையும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எண்ணிக்கை குறைவு என்பது கதவைத் தட்டும் ஓசைதான். தட்டுவது யார் என்று திறந்து பார்க்க வேண்டியது மருத்துவரின் வேலை. அதற்கு அவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கைந்துக்கு மேல் இல்லை.

தோட்ட நிர்வாகிகளுக்குச் சில சொற்கள். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டு வசதியோடு மருத்துவ வசதியையும் உங்கள் பொறுப்பில் வைத்திருக்கிறது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டம் இயற்றிய நாடு இது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் ஐயா, காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், இல்லாதவன் எவன் என்று என்னிடம் வந்து கேட்டு, சைக்கிளில் லயத்துக்குப் போய்ப் பார்ப்பார். பல தோட்டங்களில் இன்று அந்தக் கட்டடம் பண்டகசாலையாகிவிட்டது. பழைய மருத்துவமனைகளைத் திரும்பக் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. காய்ச்சல் கண்டவரை நாள்தோறும் அரசாங்கக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்ல ஒரு வண்டியைக் கேட்கிறேன். அங்கே குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் தோட்டத்திலிருந்து போய் வரும் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் காசு ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆகும். தொடர்ந்து மூன்று நாள் இரத்தம் எடுக்கச் சொன்னால் மூன்றாம் நாள் எங்கள் ஆள் வரமாட்டார். அதை அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள்.

விடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவருக்கு 22 நாள். மருத்துவமனையில் படுத்தால் 60 நாள்வரை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்: இந்த உரிமை தெரியாமலேயே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். காய்ச்சலின் ஐந்தாம் நாள் ஒருவன் வேலைக்கு வந்து நின்றால், அவனை நல்ல உழைப்பாளி என்று பாராட்டாமல் திருப்பி அனுப்பும் மண்டோர்கள், அதாவது மேற்பார்வையாளர்கள், வேண்டும்.

லயங்களில் இப்போது எங்களைவிட அதிகமாக இருப்பவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும்தாம். அவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையின் கட்டணம் பல மடங்கு. கேட்க உறவினர் இல்லை, மொழி தெரியாது, முகவருக்குப் பயம். என் தம்பிக்காவது கார் வைத்திருக்கும் அண்ணன் ஒருவன் இருந்தான். அவன் வெட்டிய குலையைத் தூக்கி வண்டியில் போடும் வங்காளதேசித் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், அவன் அறையில் இருக்கும் மற்றவர்களும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த மடலில் நான் எங்கள் மக்கள் என்று எழுதிய இடங்களில் எல்லாம் அவர்களையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் பக்கத்திலும் திருத்திக்கொள்ள வேண்டியவை இருப்பதை நான் மறைக்கவில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிறோம். தட்டணு குறைந்திருக்கும்போது தசையில் போடும் ஊசியும், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளும் இரத்தப்போக்கைக் கூட்டும் என்று நாங்கள் கற்க வேண்டும். பப்பாளி இலையை அரைத்துக் கொடுக்கிறோம். 2013இல் வெளிவந்த ஒரு மலேசிய ஆய்வு அதனால் தட்டணு எண்ணிக்கை ஏறுவதைக் காட்டியது என்பது உண்மை. ஆனால் குழாய்க் கசிவை அது தடுக்கும் என்று நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சாற்றைக் குடித்துவிட்டு இரத்தம் எடுக்கவும் போகலாமே! சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகவில்லை, வயிறு வலி விடவில்லை, ஈறில் இரத்தம், ஓயாத வாந்தி, தூங்கித் தூங்கி விழுதல் என்றால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே போக வேண்டும்.

இன்னொன்று. காய்ச்சல் விட்ட பின்னும் எண்கள் மீளவில்லை என்றால், அல்லது வெள்ளை அணு, சிவப்பணு, தட்டணு மூன்றும் சேர்ந்தே வாரக்கணக்கில் குறைந்திருந்தால், அது தொற்றுநோயாக இல்லாமல் எலும்பு மச்சையின் நோயாகக்கூட இருக்கலாம். தேறிவிட்டான் என்று அனுப்பும்போதே, இரண்டு வாரம் கழித்து எந்தத் தேதியில் மறுபடியும் இரத்தம் பார்க்க வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது லயத்துக்கு வந்து சேர்வதில்லை.

டிங்கி நோயாளிகளை வீட்டிலிருந்தபடியே கவனிக்கும்போது எண்களைக் குறித்துத் தரும் ஓர் அட்டை சுகாதார அமைச்சின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்குகளில் அதைப் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது, டிங்கி என்று பெயர் வைப்பதற்கு முன்பே, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டிய எவருக்கும் அப்படி ஓர் அட்டை கிடைக்க வேண்டும் என்பதும், தனியார் கிளினிக்குகளும் தோட்டக் கிளினிக்குகளும் அதே அட்டையில் எழுத வேண்டும் என்பதும்தான். அப்போது ஞாயிற்றுக்கிழமை எந்தக் கதவு பூட்டியிருந்தாலும் வியாழக்கிழமையின் எண் நோயாளியின் சட்டைப் பையில் இருக்கும்.

மாதிரிக்காக நான் ஒன்று வரைந்து இம்மடலோடு இணைத்திருக்கிறேன். பழைய செக்ரோல் தாளை அளவாகக் கொண்டு கோடு போட்டது. மேலே பெயர், வேலை, காய்ச்சல் தொடங்கிய தேதி. கீழே பத்து நாளுக்குப் பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், வெள்ளை அணு, தட்டணு, ஹெமட்டோக்ரிட். ஓரத்தில் ஒரு கேள்வி: உடம்பில் கருத்த பொருக்கு உண்டா, பார்த்தாயிற்றா? தமிழிலும் மலாயிலும் நானே எழுதிவிட்டேன். வங்காளத்துக்கும் நேப்பாளத்துக்கும் லயத்துப் பிள்ளைகள் உதவுகிறார்கள். எண்களின் அளவு சரியாக இருக்கிறதா என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒரு மருத்துவர் பார்த்துத் திருத்தித் தந்தால், முதல் ஐந்நூறு அட்டைகளை அச்சிடும் செலவு என்னுடையது. எந்தத் தோட்டத்தில், எந்தக் கிளினிக்கில் எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள். நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பத்தாங் பெர்சுந்தை, சிலாங்கூர்.